பச்சை உடம்பு நடக்கலாமா?

நமக்கு மிகவும் வேண்டிய ஒரு குடும்பத்தில் பேத்திக்கு ஆண் குழந்தை பிறந்திருப்பதாகச் செய்தி வந்தது. வயிற்றைக் கீறித்தான் குழந்தையை எடுக்க நேர்ந்தது என்றும், தாயும் சேயும் சௌக்கியம் என்றும் சொன்னார்கள். மறுநாள் காலையில் நாம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அறை வாசலை நெருங்கும்போதே உள்ளே பெரிய வாக்குவாதம் நடப்பது காதில் விழுந்தது. ஒரு கட்சியில் எழுபத்தெட்டு வயதுப் பாட்டி. எதிர்க் கட்சியில் இருபத்து நாலு வயது நர்ஸ். நடுவே கட்டிலில் நம் புதுத் தாயார், இரண்டு கட்சிக்கும் பயந்து விழித்துக் கொண்டிருந்தாள்.

"நாலு பிள்ளை பெற்றவள் நான்! பத்து நாள் வரையில் என் மாமியார் என்னைத் தரையில் கால் வைக்க விட்டதில்லை. இவளுக்கு வயிற்றைக் கிழித்து இன்னும் ஒரு நாள் ஆகவில்லை. பச்சை உடம்புக்காரியை எழுந்து நட என்கிறாயே அம்மா, உனக்கு ஈவு இரக்கம் உண்டா?" என்றாள் பாட்டி.

உண்மையைச் சொல்லி விடுகிறோம். அந்த நிமிஷத்தில் நம்முடைய மனம் பாட்டியின் கட்சியில்தான் இருந்தது. தையல் போட்ட வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு ஒரு பெண் நடப்பதைக் காண்பதற்கு யாருக்குத்தான் மனம் வரும்? நல்ல வேளையாக அச்சமயம் லேடி டாக்டர் உள்ளே வந்தார். வழக்கைக் கேட்டார். பாட்டியின் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"பாட்டி! பேத்தியின் தையல் பிரிந்து விடுமோ என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். எனக்கு அந்தப் பயம் இல்லை. அவள் இப்படியே படுத்துக் கிடந்தால் காலில் ரத்தம் உறைந்து கட்டியாகி விடுமே என்பதுதான் என் பயம்" என்றார்.

பாட்டிக்கு அது புரியவில்லை. நமக்கும் அரைகுறையாகத்தான் புரிந்தது. டாக்டர் அம்மாள் பத்து நிமிஷம் விளக்கிச் சொன்னார். வீட்டுக்கு வந்த பிறகு நாமும் அதைப் பற்றிப் படித்துப் பார்த்தோம். நமது நேயர்களில் தாய்மார்கள் இருக்கிறார்கள், தாயாகப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பத்தியம் பார்க்கும் பாட்டிமார்களும் இருக்கிறார்கள். ஆகையால் இந்த வாரம் நாம் தெரிந்து கொண்டதை அவர்களுக்கும் சொல்லி விடுவது என்று தீர்மானித்தோம்.

* * *

ரத்தம் உறைவது என்பது ஆண்டவன் நமக்குக் கொடுத்திருக்கும் ஒரு பெரிய காவல். அது இல்லாவிட்டால் காய்கறி நறுக்கும்போது விரலில் படும் சிறு காயம்கூட உயிருக்கு எமனாகி விடும். கர்ப்ப காலத்தில் இந்தக் காவல் பன்மடங்கு பலப்படுகிறது. நிறைமாதத்தில் கர்ப்பப் பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரியும்போது அந்த வாய்க்கால்கள் அத்தனையும் திறந்தபடி நிற்கும். அவற்றை அடைப்பதற்காக, ரத்தத்தில் உறையும் சக்தியை இயற்கை மாதக் கணக்கில் முன்னதாகவே சேர்த்து வைக்கிறது. பிரசவத்தில் தாய் ரத்தம் முழுவதையும் இழந்து விடாமல் இருப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

ஆனால் காவற்காரனுக்குக் கையில் தடி கொடுத்தால், சில சமயம் அவன் வீட்டுக்காரனையே அடித்து விடுவதும் உண்டு அல்லவா? அதுதான் இங்கே நேரும் விபரீதம்.

1840-களில் பெர்லின் நகரத்தில் ருடால்ப் விர்ச்சோ என்னும் இளம் வைத்தியர், இறந்தவர்களின் உடலைச் சோதிக்கும் வேலையில் இருந்தார். சிலருடைய நுரையீரல் குழாய்களை அடைத்துக்கொண்டு ரத்தக் கட்டிகள் இருப்பதை அவர் கண்டார். அந்தக் கட்டிகள் நுரையீரலிலேயே உண்டானவை அல்ல, கால் முதலிய இடங்களில் உண்டாகி ரத்த ஓட்டத்தோடு மிதந்து வந்தவை என்று அவர் எடுத்துக் காட்டினார். குழாய்க்குள்ளே ரத்தம் உறைவதற்கு மூன்று காரணங்கள் என்று இன்றும் வைத்தியக் கல்லூரிகளில் அவர் பெயரைச் சொல்லியே பாடம் நடத்துகிறார்கள். ஓட்டம் மந்தமாவது ஒன்று. குழாயின் சுவர் காயப்படுவது இரண்டு. ரத்தத்தில் உறையும் சக்தி மிகுவது மூன்று.

இந்த மூன்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே ஜாக்கிரதை வேண்டும். வயிற்றைக் கீறிப் பிள்ளை பெற்றவளிடம் மூன்றும் ஒருங்கே கூடி விடுகின்றன. உறையும் சக்தி கர்ப்பத்திலேயே மிகுந்து விட்டது. பெரிதான கர்ப்பப் பை இடுப்பிலுள்ள குழாய்களை மாதக் கணக்கில் அழுத்தியதால் கால்களில் ஓட்டம் மந்தமாகி இருக்கிறது. கத்தி பட்டதால் குழாய்கள் காயம் அடைந்திருக்கின்றன. இவ்வளவுக்கும் மேலே வலிக்குப் பயந்து படுத்த படுக்கையாகவும் கிடந்தால் என்ன ஆகும்?

காலில் இறங்கிய ரத்தத்தை மேலே இருதயத்துக்கு ஏற்றுவதற்குத் தனியாக ஒரு யந்திரம் கிடையாது. ஆடுசதைதான் அந்த யந்திரம். நாம் அடி எடுத்து வைக்கும் ஒவ்வொரு தடவையும் ஆடுசதை சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளுகிறது. தள்ளிய ரத்தம் மறுபடி கீழே இறங்கி விடாமல் குழாய்க்குள் சிறு கதவுகள் சாத்திக் கொள்கின்றன. கால் அசையாவிட்டால் ரத்தம் குளத்துத் தண்ணீர்போல் தேங்கி விடும். தேங்கிய இடத்தில் கட்டி உண்டாகும். பிரசவத்தை ஒட்டிய காலத்தில் இது பெரும்பாலும் இடது காலில்தான் உண்டாகிறது. இடது காலிலிருந்து மேலே போகும் பெருங் குழாயின்மேல், வலது காலுக்குப் போகும் ரத்தக் குழாய் ஒன்று குறுக்கே ஏறி அழுத்திக் கொண்டிருப்பதே இதற்குக் காரணம்.

கட்டி காலோடு நின்றால் வீக்கமும் வலியும்தான். அதிலிருந்து ஒரு துண்டு கழன்று மேலே போய் நுரையீரலின் குழாயை அடைத்து விட்டாலோ, சில நிமிஷங்களில் உயிருக்கே அபாயம் வந்து விடும்.

* * *

"பூர்வத்தில் எல்லாரும் படுத்துக் கிடந்து பிழைக்கவில்லையா?" என்று பாட்டி கேட்டாள். நியாயமான கேள்விதான். பிள்ளை பெற்றவளைப் படுக்க வைப்பது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கம் அல்ல. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிய டாக்டர்களே பத்து நாள், இரண்டு வாரம் என்று தாய்மாரைப் படுக்கையோடு படுக்கையாக வைத்திருந்தார்கள். அவர்களில் சிலருக்குக் கால் வெளுத்து வீங்கும். அதற்கு அவர்கள் 'பால் கால்' என்று பெயர் வைத்திருந்தார்கள். மார்புக்குப் போக வேண்டிய பால் வழி தவறிக் காலுக்கு இறங்கி விட்டதாம்! அது பால் அல்ல, உறைந்த ரத்தத்தின் வேலை என்பது பிற்காலத்தில்தான் தெளிவாயிற்று.

1899-ம் வருஷத்திலேயே சிகாகோ நகரத்து எமில் ரீஸ் என்னும் வைத்தியர், அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஸ்திரீகளைச் சீக்கிரத்தில் எழுப்பி நடக்க விடலாம் என்று எழுதினார். அதை அன்று அநேகர் காதில் போட்டுக் கொள்ளவில்லை. இரண்டாவது உலக யுத்தம் வந்தது. ஆஸ்பத்திரிகளில் கட்டிலுக்கும் பஞ்சம், தாதிகளுக்கும் பஞ்சம். வேறு வழியில்லாமல் நோயாளிகளைச் சீக்கிரமாக எழுப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. எழுந்து நடந்தவர்களுக்குக் கெடுதல் ஒன்றும் வரவில்லை. படுத்துக் கிடந்தவர்களைவிட அவர்கள் விரைவாகவே தேறினார்கள். நூல்கள் செய்ய முடியாத காரியத்தைப் பஞ்சம் செய்து முடித்தது!

பாட்டியின் மாமியார் சொன்னதிலும் ஒரு நியாயம் உண்டு. அடுப்படியிலிருந்தும் கிணற்றடியிலிருந்தும் மருமகளுக்குப் பத்து நாளாவது விடுதலை கிடைக்க வேறு வழி ஏது? ஓய்வு வேண்டியதுதான். ஆனால் வேலையிலிருந்து ஓய்வு வேறு, அசைவிலிருந்து ஓய்வு வேறு. முன்னதைத் தாய்க்குத் தாராளமாகக் கொடுங்கள், பின்னதைக் கொடுக்காதீர்கள்.

* * *

இந்த விஷயம் முன் காலத்தைவிட இப்போது நமக்கு மிகவும் நெருங்கி வந்திருக்கிறது. சர்க்காரின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 2015-16-ல் நூறு பிரசவங்களில் 34 சிசேரியன். 2019-21-ல் அது ஏறக்குறைய 45 ஆகி விட்டது. இந்தியா முழுவதற்கும் கணக்கு 21.5 தான். இத்தனை அறுவை அவசியந்தானா என்னும் வழக்கைப் பிறிதொரு வாரம் விசாரிப்போம். அறுத்தது அறுத்தாயிற்று, அதன் பிறகு தாயைக் காப்பது எப்படி என்பதே இன்றைய பேச்சு.

பல தேசத்து ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், சுகப் பிரசவத்தைவிடச் சிசேரியனுக்குப் பிறகு ரத்தக் கட்டி உண்டாவது ஏறக்குறைய நான்கு மடங்கு என்கிறார்கள். ஆயிரம் சிசேரியனில் சுமார் மூன்று பேருக்கு இது வருகிறது. ஆயிரத்துக்கு மூன்றுதானே என்று தோன்றலாம். அந்த மூவரில் ஒருத்தி நம் வீட்டுப் பெண்ணாக இருந்தால் நமக்கு அது ஆயிரத்துக்கு ஆயிரம். மேலும், அபாயம் ஆஸ்பத்திரி வாசலோடு நின்று விடுவதில்லை. முதல் ஆறு வாரம் வரையில் அது மிகுந்திருக்கிறது. பிறகும் சில வாரங்களுக்குச் சற்று இருக்கவே செய்கிறது. அதாவது டாக்டரும் நர்ஸும் பக்கத்தில் இல்லாமல், தாய் வீட்டில் தொட்டில் கட்டிப் பெயர் வைக்கும் நாட்களிலேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும்.

நமக்கு அறிமுகமான மற்றொரு வீட்டில் நடந்தது இது. அறுவைக்குப் பின் ஒன்பதாம் நாள் அந்தப் பெண்ணுக்கு இடது காலில் வலி எடுத்தது. வாயு என்றார் ஒருவர். சுளுக்கு என்றார் மற்றொருவர். நல்லெண்ணெயைக் காய்ச்சி மூன்று நாள் காலை உருவி விட்டார்கள். உருவினவர்கள் அனைவரும் அவள்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். நாலாம் நாள் விடியற்காலையில் அவளுக்கு மூச்சு வாங்கி மயக்கம் வந்தது. ஆம்புலன்ஸ் தாமதமில்லாமல் வந்ததால் பிழைத்தாள். எல்லாருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. வீங்கிய காலை உருவக் கூடாது என்னும் ஒரு வார்த்தையை அந்த வீட்டில் ஒருவராவது முன்பே கேட்டிருந்தால்!

* * *

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு பெருத்து விடும், தையல் சீழ் பிடிக்கும் என்று சொல்லி, நா வறண்டு கேட்டாலும் ஒரு மிடறுக்கு மேல் கொடுக்காத வீடுகள் இன்றும் உண்டு. தண்ணீரால் தையல் சீழ் பிடிப்பதில்லை. தண்ணீர் குறைந்தால் ரத்தம் தடித்துத்தான் போகும். பிரசவித்த பெண்களுக்கு மூளையின் ரத்தக் குழாய்களிலும் இத்தகைய கட்டி உண்டாகி வலிப்பும் பக்கவாதமும் வருவதை நம் நாட்டு நரம்பு வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்த டாக்டர் கே. சீனிவாசன், கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் மூளையின் ரத்தக் குழாய் அடைபட்ட 135 பேரைப் பற்றி 1983-ல் எழுதிய கட்டுரையை இன்றும் பிற தேசத்தார் எடுத்துக் காட்டுகிறார்கள். தாய்க்குத் தண்ணீரை மறுப்பதும் ரத்தசோகையும் இந்நோய்க்குத் துணை செய்வதாக வைத்தியர்கள் கருதுகிறார்கள். ஆகையால் டாக்டர் குடிக்கலாம் என்று சொன்ன நிமிஷத்திலிருந்து தாய் தாகம் தீரக் குடிக்கட்டும். பால் சுரப்பதற்கும் அதுவே நல்லது.

* * *

இனி, வரும் முன் காக்கும் வழிகள்.

முதலாவது, நடை. மயக்க மருந்தின் வேகம் தணிந்து கால்களில் உணர்ச்சியும் பலமும் திரும்பியதும், டாக்டர் சொன்ன வேளையில், ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு நாளைக்குள்ளாகவே இது ஆகும். முதலில் கட்டில் ஓரத்தில் உட்காருவது; பிறகு நாலு அடி; பிறகு அறை வாசல் வரை. வலி தெரியாமலிருக்க மருந்து கேட்பதில் வெட்கம் வேண்டாம். வலி குறைந்தால்தான் நடை வரும். படுத்திருக்கும்போதும் பாதத்தை மேலும் கீழுமாக அசைத்துக் கொண்டிருக்கலாம். ஆஸ்பத்திரியிலிருந்து வெகு தூரத்திலுள்ள தாய் வீட்டுக்குக் காரில் போகிறவர்கள் வழியில் இறங்கிச் சற்று நடப்பது நல்லது.

இரண்டாவது, காலுறை யந்திரம். காலைச் சுற்றிக் கட்டி, காற்று நிரப்பி, விட்டு விட்டு அழுத்தும் உறை இது. நடக்க முடியாத நேரத்தில் ஆடுசதையின் வேலையை இது செய்கிறது. அமெரிக்காவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் கூட்டத்தில், சிசேரியன் செய்துகொள்ளும் எல்லாருக்கும் இதைக் கட்டுவது என்று விதி செய்தார்கள். விதிக்கு முன் சுமார் நாலரை லட்சம் சிசேரியனில் நுரையீரல் அடைப்பால் ஏழு தாய்மார் இறந்திருந்தார்கள். விதிக்குப் பின் ஏறக்குறைய அதே தொகையில் இறந்தவர் ஒருவரே.

மூன்றாவது, ஊசி மருந்து. ஹெப்பாரின் என்பது அதன் பெயர். 1916-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கலாசாலையில் ஜே மக்லீன் என்ற வைத்திய மாணவர், ரத்தத்தை உறைய வைக்கும் பொருள் ஒன்றைத் தேடிக் கொண்டிருந்தார். தேடியவர் கையில் கிடைத்ததோ ரத்தத்தை உறைய விடாத பொருள்! நாயின் ஈரலில் அதைக் கண்டதால், ஈரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை வைத்து அதற்குப் பெயரிட்டார்கள். 1930-களில் டொரான்டோவிலும் ஸ்டாக்ஹோமிலும் அதைச் சுத்தம் செய்து மனிதருக்கு உபயோகமாகும்படி செய்தார்கள். இப்போது வழங்கும் வகையை நாளைக்கு ஒரு தடவை தோலுக்கடியில் போட்டால் போதும். குழந்தைக்குப் பால் கொடுப்பதற்கு இதனால் தடையில்லை. இது பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுவது. மனம் ஒப்பாதவர்கள் டாக்டரிடம் முன்னதாகவே சொல்லிவிட்டால் வேறு வழியை அவர் யோசிப்பார்.

இங்கிலாந்தில் தாய்மார் மரணம் ஒவ்வொன்றையும் ரகசியமாக விசாரித்து அறிக்கை வெளியிடுவது 1952 முதல் வழக்கம். 2003-05 மூன்று வருஷங்களில் ரத்தக் கட்டியால் இறந்த தாய்மார் 41 பேர். யாருக்கு அபாயம் என்று முன்கூட்டிக் கணக்கிட்டு மருந்து கொடுக்கும் முறை பரவிய பிறகு, 2006-08-ல் அது 18 ஆகக் குறைந்தது. ஆனாலும் அந்தத் தேசத்தில் தாய்மார் மரணத்துக்கு இது இன்றும் ஒரு முக்கிய காரணமாகவே இருக்கிறது. சற்று அயர்ந்தால் திரும்பி வரும் பகை இது.

எல்லாருக்கும் ஊசி வேண்டுமா என்றால், அதில் வைத்தியர்களுக்குள்ளேயே அபிப்பிராய பேதம் உண்டு. உறைவதைத் தடுக்கும் மருந்து ரத்தப் போக்கையும் உண்டாக்கலாம் அல்லவா? பிரசவ வலி கண்ட பிறகு அவசரமாக அறுவை செய்ய நேர்ந்தவர்களுக்குப் பத்து நாளும், முன்பே ரத்தக் கட்டி வந்தவர்களுக்கு ஆறு வாரமும் ஊசி போடுவதை இங்கிலாந்தில் ஆலோசிக்கிறார்கள். அமெரிக்காவில் பெரும்பாலும் உறை யந்திரத்தையே நம்பி, அபாயம் மிகுந்தவர்களுக்கு மட்டும் ஊசி போடுகிறார்கள். தீர்மானிக்க வேண்டியவர் டாக்டர். ஆனால் அவர் சரியாகத் தீர்மானிக்க வேண்டுமானால் வீட்டார் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். தாய்க்கோ, அவளுடைய பெற்றோருக்கோ, உடன்பிறந்தாருக்கோ முன்பு ரத்தக் கட்டி வந்ததுண்டா? வயது முப்பத்தைந்துக்கு மேலா? உடல் பருமன் அதிகமா? காலில் நரம்பு சுருண்டிருக்கிறதா? இரட்டைப் பிள்ளையா? கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறியதா? பிரசவத்தில் ரத்தம் மிகுதியாகப் போயிற்றா? காய்ச்சல் கண்டதா? பல நாள் படுக்கையில் இருந்தாளா? இவற்றைச் சொல்லிவிட்டு, "ரத்தம் உறையாமலிருக்க இவளுக்கு மருந்து வேண்டுமா, டாக்டர்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

இவ்வளவு செய்தும் அபாயம் வரலாம். ஒரு கால் மட்டும் வீங்கினாலும், ஆடுசதையிலோ தொடையிலோ வலி கண்டாலும், தோல் சூடேறிச் சிவந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென்று மூச்சுத் திணறல், மார்பு வலி, இருமலில் ரத்தம், மயக்கம், தீராத தலைவலியோடு வாந்தி, கண் மங்கல், கை கால் சோர்வு, வலிப்பு — இவற்றில் எதைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பிள்ளை பெற்று எத்தனை நாள் ஆயிற்று என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

* * *

பாட்டி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "பத்து நாள் படுத்திருந்து எழுந்தபோது எனக்கும் இடது கால் வீங்கித்தான் இருந்தது. கண் திருஷ்டி என்று மாமியார் மிளகாய் சுற்றிப் போட்டாள்" என்றாள்.

டாக்டர் அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டியின் கையை ஒரு தடவை பிடித்துவிட்டுப் போய் விட்டார்.

அன்று மாலை நாம் மறுபடி போனபோது தாழ்வாரத்தில் பேத்தி மெள்ள மெள்ள நடந்து கொண்டிருந்தாள். அவளுடைய ஒரு கையைப் பாட்டி பிடித்துக் கொண்டிருந்தாள். பாட்டியின் மற்றொரு கையில் வெந்நீர்ச் செம்பு இருந்தது. நர்ஸ் அப்பக்கம் வந்து, "போதும் பாட்டி, முதல் நாளைக்கு இவ்வளவு போதும்" என்றாள்.

"உனக்கு ஒன்றும் தெரியாது, சும்மா இரு. இன்னும் நாலு அடி நடக்கட்டும்" என்றாள் பாட்டி.